வடை சுற்றும் தாள்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டியதும் ஒரு டீக்கடை. பெஞ்சின் ஒரு நுனியில் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர், மறு நுனியில் தலைமுடி நரைத்த வெள்ளைக்காரப் பெண். இருவருக்கும் நடுவே மூன்று பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

கடைக்கார அக்கா பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறார். ஒன்றைப் பார்த்ததும் ஒதுக்கி வைக்கிறார். நகைக்கடை விளம்பரத்தில் சுற்றிய வடை அந்தப் பெண்ணுக்குப் போகிறது.

“எதுக்குக்கா பொறுக்கி எடுக்கறீங்க?” என்கிறேன்.

குரலைத் தாழ்த்துகிறார். “அந்தம்மா உக்ரைன், அவரு ரஷ்யா. போன மாசம் தெரியாம அவங்க நாட்டுச் சண்டை போட்டோ இருந்த பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டேன் சார். அந்தம்மா வடைய வெச்சிட்டு எழுந்து போயிட்டாங்க. அவரும் டீயத் தொடல. அதுலருந்து பார்த்துதான் சுத்தறேன்.”

“ஒதுக்கினதெல்லாம்?”

“நம்மாளுங்களுக்குத்தான். நமக்கென்ன சார், வெறும் பேப்பர்தானே.”

என் வடை வருகிறது. பிரித்தால், தாளில் சுவர் இடிந்த ஒரு மாடி வீடு. உள்ளே சமையலறை அப்படியே தெரிகிறது. அடுப்பின் மேல் ஒரு கெட்டில்.

வடையைத் தின்று முடிக்கிறேன். குப்பைக் கூடை அந்தப் பெண்ணின் காலடியில் இருக்கிறது. படம் உள்ளே போகும்படி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். எண்ணெய் சட்டையில் ஊறுகிறது.