கூடாரப் படத்துக்கு இருபத்தைந்து சதம்

அப்பா, உங்களைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில்தான் எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், என்னைவிடச் சின்னப் பெடியன்கள்கூட. எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டு கையைத் தூக்குவீர்கள். நான் அப்பா என்றே கூப்பிடுகிறேன். கேட்குதோ தெரியாது.

அப்பாவின் முப்பத்தொராம் நாள் நினைவுக்கு அடிக்கிற புத்தகத்தில் போட இதை எழுதுகிறேன். மாதா கோயிலில் ஒரு அன்ரி, "நீதானே பக்கத்தில இருந்தனி, நீயே எழுது பிள்ளை" என்று சொல்லிவிட்டார். நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து திரிந்ததில் பாதிப் படிப்புப் போனது. அம்மாவும் அந்த நேரத்தில்தான் இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்பாவும் நானும் படகில் இந்த நாட்டுக்கு வந்தோம். இங்கே மெல்பனில் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பாதியில் விட்டுவிட்டு டண்டினோங்கில் கோழியிறைச்சி பெட்டியில் அடைக்கிற பக்டரிக்கு வேலைக்குப் போனேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது தாண்டிய பிறகு அப்பாவுக்குப் பிறந்தவள் நான். என் வயதுப் பிள்ளைகளின் தகப்பன்மார் கிரிக்கெட் விளையாடும்போது என் அப்பா மருந்துப் பெட்டியோடு இருந்தார். நாங்கள் நோபல் பார்க்கில் ஒரு வீட்டின் பின்பக்க யூனிட்டில் வாடகைக்கு இருந்தோம். போன வருஷம் அவருடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போக, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் போட்டார்கள். நான் காலை ஷிப்ட் முடித்து வந்து அவரைக் கூட்டிப்போவேன். பெரிய சாய்கதிரையில் கிடத்தி, கையில் இரண்டு ஊசி குத்தி, பின்னேரம் முழுக்க அப்படியே வைத்திருப்பார்கள்.

இரண்டாவது கிழமை என்று நினைக்கிறேன். அப்பா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று, "யன்னலைச் சாத்து, சாரல் அடிக்குது" என்றார். அந்த அறையில் யன்னலே இல்லை. நான் சிரித்தேன். அடுத்த நிமிஷம் அவருடைய கண் மேலே போய்விட்டது. மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்து கதிரையைச் சரித்து, காலைத் தூக்கி வைத்து, என்னவோ தண்ணீர் ஏற்றி, அவரை நினைவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

அந்த நர்ஸ் தமிழ்நாட்டுக்காரி. என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்.

"பிரஷர் இறங்குறதுக்கு முன்னாடி சில பேருக்குப் பேச்சுதாம்மா முதல்ல குழம்பும். மெஷின் அப்பப்பதான் பிரஷர் பாக்கும். நடுவுல நீ பேசிக்கிட்டே இரு. அவருக்கு நல்லாத் தெரிஞ்சத கேளு. தப்பா சொன்னாலும், பதில் வரலைன்னாலும், அவர் சேர்ல இருக்கிற பட்டன அமுக்கிடு. சந்தேகமா இருந்தாலும் அமுக்கு. நான் திட்ட மாட்டேன்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. என்ன கேட்பது?

"அப்பா, இண்டைக்கு என்ன கிழமை?"

"எனக்கு ரெண்டு கிழமைதான் பிள்ளை. மெஷின் உள்ள நாள், மெஷின் இல்லாத நாள்."

"இந்த நாட்டுப் பிரதமர் ஆர்?"

"அவருக்கு என்னைத் தெரியுமோ? பிறகேன் நான் அவரைத் தெரிஞ்சு வைக்கோணும்?"

இது குழப்பமா, பகிடியா? பட்டனை அமுக்குவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மேலே தொங்கிய டிவியில் சாமான் விலை ஏறியதைப் பற்றிச் செய்தி போனது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் சொன்னார்.

"நாங்க சின்னனில பிளேன் டீ அஞ்சு சதம். முட்டை பத்துச் சதம். கூடாரத்தில படம் பாக்க, நிலத்தில எண்டால் இருபத்தைஞ்சு சதம், வாங்குப் பலகையில எண்டால் அம்பது."

கேட்டவுடன் எனக்கு மூச்சு வந்தது. இது அவருக்குத் தூக்கத்திலும் தெரிந்த விஷயம். வீட்டில் இரண்டு மூன்று நாள் வைத்து எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்ப்பாடும் பாடமாக்கியதில்லை. அப்பாவின் சின்ன வயது மன்னார் விலை முழுக்க இப்போதும் எனக்குப் பாடம்.

அதற்குப் பிறகு மெஷின் நாளென்றால் இதுதான் எங்கள் கதை. "பிளேன் டீ?" அஞ்சு சதம். "முட்டை?" பத்து. "கூடாரம்?" அவர் பதில் சொல்ல ஒரு நொடி பிந்தினாலும் என் கை பட்டனுக்குப் போய்விடும். அவருக்கு என் பயம் தெரியும். தெரிந்துதான் விலையோடு கதையும் சேர்த்துச் சொல்வார். கடற்காற்று அடித்தால் கூடாரத்துத் திரை பாய்போல உப்புமாம். கதாநாயகியின் ஒரு கன்னம் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்குமாம். "அழுகிற சீனில நாங்க சிரிச்சு, முதலாளியிட்டை உதை வாங்கினனாங்கள்."

செய்தி கேட்கிற கதையும் சொல்வார். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் பேப்பர் வரும். ஸ்டேஷனடித் தேத்தண்ணிக் கடைக்காரர் அதைச் சத்தமாக வாசிப்பார். தேத்தண்ணி வாங்கியவன் வாங்கில் இருந்து கேட்கலாம். வாங்காதவன் வெளியே வெயிலில் நின்று கேட்க வேண்டும், அப்பா எப்போதும் வெளியேதான். அப்பாவை அவருடைய அம்மா தினமும் அங்கே அனுப்புவாராம், அரசாங்கக் கூப்பன் அரிசி விலை ஏறுதோ என்று கேட்டு வர. ஏறினால் அந்த வீட்டில் ஒருநேரச் சாப்பாடு போய்விடும்.

"ஒருநாள், இருபத்தைஞ்சு சதத்து அரிசி எழுபது சதமெண்டு வாசிச்சார். நான் ஓடிப்போய்ச் சொன்னன். அம்மா நம்பேல்லை. பொய்ச் செய்தி கொண்டு வாறனெண்டு அகப்பைக் காம்பால அடிச்சவ. பின்னேரம் கடைக்குப் போட்டு வந்து என்னைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ."

பக்கத்துக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். முந்தி கார் பக்டரியில் வேலை செய்தவராம். நாங்கள் என்ன எண்ணிக்கொண்டே இருக்கிறோம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு ஒரே புழுகம், முகமெல்லாம் சிரிப்பு. தங்களுடைய காலத்தில் சில்லிங்கும் பென்ஸும் என்று தொடங்கினார். சனிக்கிழமை மத்தியானப் படம், பிறகு ஐஸ்கிரீம், டிராம் காசு மிஞ்சாமல் வீட்டுக்கு நடை. மெல்பனுக்கு டிவி வந்த புதிதில் ஒரு வீட்டிலும் இல்லையாம். கடைக் கண்ணாடிக்குள் ஒன்று ஓடுமாம், ஊரே நடைபாதையில் நின்று பார்க்குமாம். சத்தம் வெளியே கேட்காதாம்.

நான் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் நன்றாகத் திரும்பி அந்த மனிதரைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரனும் கடைக்கு வெளியிலதான் நிண்டவனோ?"

"ஓம் அப்பா."

"அப்ப கேள், இவையளுக்கு முட்டை என்ன விலை?"

அதிலிருந்து இரண்டு பேரும் போட்டி. நடுவில் நான் மொழிபெயர்ப்பு. முட்டைக்கு முட்டை, பேக்கரிப் பாணுக்குப் பாண். சதம் எங்கே, பென்ஸ் எங்கே, ஒன்றும் பொருந்தாது. ஆனாலும் அப்பா, "எங்கட மலிவு" என்று முடித்துவிடுவார். கிழவர் அப்பாவைக் கேட்டுக் கேட்டு, இருபத்தைந்து சதம் என்று தமிழில் சொல்லப் பழகினார். அவர் வாயில் அது வேறு ஏதோ பாஷை மாதிரி இருக்கும்.

மழை தொடங்கிய காலத்தில் ஒருநாள் கூடாரம் என்ன விலை என்று கேட்டேன். "மூண்டு ரூபா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டுதான். நான் பட்டனை அமுக்கிவிட்டேன். நர்ஸ் வந்து பார்க்கும்போது பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. கண் மேலே போகுமுன் பிடித்துவிட்டார்கள். எல்லாம் சரியான பிறகு நர்ஸ் என் தோளைத் தட்டினார். நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

அப்பா பிறகு இதைப் பகிடியாக்கிவிட்டார். ஒருநாள் வேண்டுமென்றே, "முட்டை ஏழு சதம்" என்றார். நர்ஸ் ஓடிவந்தார். பிரஷர் நன்றாக இருந்தது. மெஷினை நிற்பாட்டிக் கொஞ்சம் வெள்ளன வீட்டுக்கு விட்டால், ஆறு மணி ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்கலாம் என்று அப்பாவின் திட்டம்.

"ஐயா, என்னையே ஏமாத்துறீங்களா?" என்று நர்ஸ் இடுப்பில் கைவைத்தார்.

எனக்குச் சரியான கோபம். "அப்பா, பகிடிக்கு விலையை மாத்தாதேங்கோ. என்ர உயிர் போகுது."

"விலையை நான் மாத்திறேல்லை பிள்ளை. அரசாங்கம்தான் மாத்திறது."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இனி மாத்தேன்" என்றார். மாற்றவும் இல்லை.

கடைசியாக மெஷினுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. நான் கேட்ட எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இப்ப பாண் என்ன விலை?"

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா ஒருநாளும் இந்த நாட்டு விலை கேட்டதில்லை. கடைக்குப் போவது நான். எனக்குப் பயம் பிடித்து பட்டனை அமுக்கினேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று போனார்.

"ஏன், நான் விலை கேட்டால் உடம்புக்கு வருத்தமோ?" என்றார் அப்பா. "சொல்லு. பாண்?"

சொன்னேன். அரிசி மூட்டை கேட்டார். பால் கேட்டார். கரண்ட் பில், வாடகை, பஸ் காசு. ஒவ்வொன்றுக்கும் ஊசி இல்லாத கையின் விரலை மடக்கினார். விரல் முடிய, திரும்பத் தொடங்கினார்.

"ஒரு ஆள் உழைச்சுச் சீவிக்கலாமோ?"

"நாங்க ரெண்டு பேர் சீவிக்கிறம்தானே அப்பா."

"நான் ரெண்டு பேரைக் கேக்கேல்லை."

"ஏலும் அப்பா" என்றேன். உண்மையில் ஏலுமோ என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. நான் சொன்ன விலைகளில் ஒன்றிரண்டைக் குறைத்துத்தான் சொன்னேன். அவர் கண்டுபிடித்திருப்பார்.

"இஞ்சை வந்து ஒரு படத்துக்காவது போனனியோ?"

"இல்லை."

"ஒருக்காப் போட்டு வா. இருபத்தைஞ்சு சதம்தானே."

என் கை பட்டனில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அமுக்கவில்லை. அது பகிடிதான். அன்று மெஷின் முடியும்வரை அவருக்குப் பிரஷர் நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு உடுத்து வெளிக்கிட்டு, குசினியில் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, முதுகு காட்டி நின்றபடியே கேட்டேன், பழக்கத்தில்.

"அப்பா, பிளேன் டீ என்ன விலை?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு தரம் கேட்டேன். அமுக்க வீட்டில் பட்டன் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அவர்கள் செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். அவருடைய இருதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள், பிரஷரால் வந்தது இல்லை என்று சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு, வந்தது வேறு.

அடக்கம் முடிந்து ஒரு கிழமை கழித்து, மெஷின் அறைக்காரருக்கு ரோல்ஸ் கொஞ்சம் பொரித்துக் கொண்டுபோனேன். நர்ஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பாவின் கதிரையில் வேறு யாரோ ஒரு அம்மா நித்திரை. பக்கத்துக் கிழவர் என்னைக் கண்டு கையைத் தூக்கினார். பிறகு, "இருபத்தைஞ்சு சதம்" என்றார், அதே ஒரு மாதிரித் தமிழில். தான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை, ஆனாலும் அன்று இரவு அப்பாவுக்காக ஏதாவது சொல்வதாகச் சொன்னார்.

நான் இன்னும் படத்துக்குப் போகவில்லை. சம்பளம் வருகிற கிழமை வாடகை, கரண்ட் பில் எல்லாம் கட்டிவிட்டு மிச்சத்தைப் பார்க்கும்போது, அப்பா மாதிரியே விரல் மடக்குகிறேன். சில நாள் சரிவருகிறது. சில நாள் பயமாக இருக்கிறது. அவர் அதைத்தான் கேட்டுவிட்டுப் போனார்.

இதை வாசிக்கிற அன்ரிமார், அங்கிள்மார், என் வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் கேட்கிறேன். முப்பத்தொராம் நாள் பூசைக்கு வர ஏலாதவர்கள், வேலையில் இருந்தாலும் பஸ்ஸில் இருந்தாலும், ஒரு அருள்நிறைந்த மரியே மட்டும் என் அப்பாவுக்காகச் சொல்லுங்கள். சின்னதில் இருந்து எல்லாவற்றையும் வெளியே நின்று கேட்டவர் அவர். போன இடத்தில் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்த வேண்டும் என்று மன்றாடுங்கள்.