வார்டிஸ் காவல் காத்த பலகை

சாலைப் பலகை வழிகாட்டுவதற்குத்தான் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கிரீட் தீவின் மேற்கு மலையில் பிறந்தவனுக்கு அது துப்பாக்கியால் குறி பார்க்கும் இடம். எங்கள் ஸ்கினோரிக்கு வரும் பாதையில் ‘வளைவு, மெதுவாகச் செல்லவும்’ என்றொரு பலகை உண்டு. அதில் இருக்கும் ஓட்டைகளில் வளைவையே தேட வேண்டும். கல்யாணம் என்றால் சுடுவோம். ஆடு தொலைந்தால் சுடுவோம், கிடைத்துவிட்டால் மறுபடியும் சுடுவோம். விசாரிக்க வரும் போலீஸ்காரர் எங்கள் ஊரில்தான் பெண் எடுத்தவர். அதனால் விசாரணை சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், என் அக்கா ஆர்கிரோவைக் கட்டிய மகானுபாவர் வார்டிஸ் காப்பிக்கடை நடத்தினார். வாடிக்கையாளர்கள் மூன்று பேர்: நான், பாதிரியார், அப்புறம் நாள் முழுக்க உட்கார்ந்து வெறும் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கும் ஒரு தர்மவான். ஒரு காப்பியை நான்கு மணி நேரம் குடிக்கும் கலையில் நானும் சளைத்தவன் அல்ல. கடை எத்தனை நாள் தாங்கும்?

அப்போதுதான் மாவட்ட அலுவலகத்துக்கு ஞானோதயம் வந்தது. வாடகைக் கார் எடுத்துச் சுற்றுகிறவர்கள் பழைய கிராமங்கள் வழியாகப் போவதற்கு ‘எழில் சாலை’ என்று ஒன்றை வரைபடத்தில் போடப் போகிறார்களாம். மலையில் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு கிளை எங்கள் ஊருக்கு, இன்னொன்று எதிர்ப்பக்கத்துப் பெத்ராகிக்கு. வார்டிஸ் ஏழு மனு போட்டு எங்கள் பக்கம் இழுத்தார். பிரிவில் புத்தம் புதுப் பலகை நட்டார்கள்: ‘ஸ்கினோரி, பாரம்பரிய கிராமம்.’ கூடவே ஒரு நிபந்தனை. வரைபடம் அச்சுக்குப் போகும்வரை, ஒரு மாதம், அதில் ஓர் ஓட்டை விழக் கூடாது. விழுந்தால் சாலை பெத்ராகிக்கு.

“அது நின்னா கடை நிக்கும் மாப்ள. இல்லைன்னா செப்டம்பர்ல பூட்டுதான்” என்றார் வார்டிஸ்.

வீடு வீடாகப் போய், புனித ஜார்ஜ் படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். அத்தனை பேரும் பயபக்தியோடு செய்து கொடுத்தார்கள். எங்களைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர் ஆதலால் ஒருவரையும் நம்பவில்லை. நாற்காலியையும் இரட்டைக்குழல் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அக்கா மத்தியானம் சாப்பாடு கொண்டுபோவாள்.

“ஏய்யா, இந்த முப்பது வருஷத்துல என் பக்கத்துல இப்படி ஒரு நாள் உட்காந்திருப்பியா? தகரத்துக்குக் காவலாம் காவல்!”

“இந்தத் தகரம்தாண்டி நமக்குச் சோறு போடப் போகுது.”

“அப்ப அதையே கட்டிக்க. நத்தைக் கறி ஆறுது, தின்னு.”

கடைசி வாரம் மகள் கல்லிரோயிக்குப் பிரசவ நேரம். அக்கா ஹானியா நகரத்துக்குப் போய்விட்டாள். இவர் போகவில்லை. பலகையைத் தனியாக விட மனசு வரவில்லையாம்.

மாதத்தின் கடைசி நாள். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் மாவட்ட அலுவலகத்து அதிகாரியம்மா வந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது. நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோயிருந்தேன். போன் அடித்தது. அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

“பையன்யா! உன் பேரையே வெக்கிறாங்களாம்! சம்பந்தி விட்டுக்கொடுத்துட்டாரு!”

முதல் பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர்தான் வைப்பது. சம்பந்தி விட்டுக்கொடுப்பதெல்லாம் சாமானியமா? வார்டிஸ் எழுந்தார். கண்ணீர் மீசையில் இறங்கியது. வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கலாம், கிரீட்டில் வானத்துக்கா பஞ்சம்? ஆனால் ஐம்பது வருடம் பழகிய கை அதுபாட்டுக்குத் திரும்பியது. இரண்டு குழலும் வெடித்தன. ‘பாரம்பரிய கிராமம்’ அப்படியே இருந்தது. ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் பின்னால் மேயும் ஆடுகள் தெரிந்தன.

பத்தே நிமிடத்தில் அதிகாரியம்மாவின் கார் வந்து நின்றது. பலகையைப் பார்த்தார். வார்டிஸ் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். நல்ல மனுஷி, ஏழு மனுவையும் படித்தவர்.

“வெளியூர்க்காரங்க யாராவது வேணும்னே சுட்டுட்டுப் போயிருந்தா அது உங்க தப்பில்ல. அப்படி எழுதிக்கிட்டுப் புதுப் பலகை வெச்சுடலாம். யார் சுட்டது?”

நான் முந்திக்கொண்டேன். “பெத்ராகிக்காரனுங்கதான் மேடம்! ரெண்டு பேரு. மீசை வெச்சிருந்தானுங்க.” எங்கள் மலையில் மீசை இல்லாதவனைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

வார்டிஸ் என்னை முறைத்தார். “என்னடா சொல்ற? என் பேரன் பொறந்ததுக்குப் பெத்ராகிக்காரன் சுட்டானா?”

“மச்சான், வாயை மூடுங்க. கடை போயிடும்.”

“போகட்டும்டா. நாளைக்கு அவன் வளந்து, தாத்தா, நான் பொறந்தப்ப நீ என்ன பண்ணேன்னு கேப்பான். பக்கத்து ஊர்க்காரன் சுட்டான், நான் நாற்காலியில உட்காந்து வேடிக்கை பார்த்தேன்னு சொல்லவா? மேடம், எழுதுங்க. வார்டிஸ். ரெண்டு குண்டும் என்னோடது.”

அந்தம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா.”

“பேரை ரெண்டு தடவை எழுதுங்க” என்றார் வார்டிஸ். “இப்ப நாங்க ரெண்டு பேரு.”

அதிகாரியம்மா எழுதிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பரில் கடை பூட்டப்பட்டது. வார்டிஸ் இப்போது நகரத்தில், மகள் வீட்டில், பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். எனக்குக் காப்பி குடிக்கப் போக்கிடம் இல்லை. எழில் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு பெத்ராகிக்குப் போகிறேன், முன்னும் பின்னும் வாடகைக் கார்கள். கடையில் என்னையும் சுற்றுலாக்காரன் என்று நினைத்து மெனு அட்டையை நீட்டினார்கள். யாரென்று சொன்னதும் கடைக்காரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“உன் மச்சான் புண்ணியத்துலதான்யா எங்க பொழப்பு ஓடுது!”

அவ்வளவு நன்றி உள்ளவன் காப்பிக்காவது காசு வாங்காமல் விட்டானா என்றால், அதுவும் இல்லை.