உரோமர் அரங்கில் தலைவரின் குரல்

நகைத்தே முப்புரம் எரித்த பெருமான் துணை நிற்க. அடியார் கொண்டாடும் தைப்பூச நன்னாளில் இதை எழுதத் தொடங்குகிறேன்.

மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியின் நிலக்கீழ் மண்டபமொன்றில் எங்களிடம் ஓர் ஒலிவாங்கி இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பனிச்சப்பாத்துகள் வாசலில் குவிந்துகிடக்க, வெள்ளிதோறும் அங்கே கூட்டுவழிபாடு நடக்கும். ஒலிவாங்கியின் பொத்தான் முதியோர் சங்கத் தலைவரின் விரலுக்கே உரியது. என் மனைவியின் ஆண்டுத் திவசத்தன்று அவள் நினைவாகப் பதிகம் பாட எழுந்தேன். பதிகத்தைத் தொடங்கினால் பலன் சொல்லும் கடைசிப் பாட்டுவரை பாடி நிறைவுசெய்வதே முறை. நடுவில் விடுவது, ஏற்றிய விளக்கை ஊதி அணைப்பது போன்றது. எட்டாம் பாட்டில் என் குரல் தழதழத்தது. தலைவர் பொத்தானை அழுத்தினார். "ஐயாவுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. சாப்பாடு ஆறுது, வாங்கோ." சனம் சிரித்தபடி எழுந்தது. அவளுக்குரிய பதிகம் முடியாமலே நின்றது.

பதிகம் பாடும் நாவால் யாரையும் சபிக்கலாகாது, ஆகவே சபிக்கவில்லை. அந்தப் பகையைத் திருநீறு போல நாள்தோறும் பூசிக்கொண்டு காத்திருந்தேன்.

மறு ஆண்டு கோடையில் சங்கத்தார் பாரிஸ் உறவுகளைக் காணப் பயணமானோம். அங்கிருந்து பேருந்தில், தென் பிரான்சில் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த உரோமர் அரங்கொன்றைப் பார்க்கப் போனோம். அரைவட்டமாக உயரும் கற்படிகள், கீழே மேடை, அதன் பின்னால் பாதி இடிந்த பெருஞ்சுவர். நாங்கள் மேற்படியில் அமர்ந்திருக்க, மேடையில் நின்ற வழிகாட்டிப் பெண் ஒரு காகிதத்தைக் கிழித்தாள். அந்த ஒலி எங்கள் காதருகே கேட்டது. தலைவர் அப்போது வாசலில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அதை அறியவில்லை. கிடைத்ததை இறையருளாகவே எடுத்துக்கொண்டேன்.

"தலைவர், மேடையில நிண்டு ஒரு படம் எடுப்பம், வாங்கோ" என்று அழைத்துச் சென்று நடுவில் நிறுத்தினேன். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டேன்: "அண்டைக்கு ஏன் என்ர பாட்டை நிப்பாட்டினீங்கள்?"

அவர் சனம் அமர்ந்திருந்த மேற்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஒலிவாங்கி இல்லாத பேச்சு அவ்வளவு தூரம் போகாது என்பதே அவர் அறிந்த உலகம்.

"உமக்கு விசரோ காணும்? செத்த மனிசிக்குப் பாட்டுக் கேக்குமோ? இந்தச் சனம் வாறது சோத்துக்கு. என்ர மனிசியே நித்திரை கொள்ளத்தான் வாறவ."

"அப்ப கடவுள்?"

"அவற்ற பேரைச் சொல்லித்தானே இந்த மாடுகளை மேய்க்கிறன்."

மேலே அவருடைய மனைவி எழுந்து நின்று உரத்துச் சொன்னார்: "மாடுகள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்குதுகள். மேல வாங்கோ."

தலைவரின் முகம் அந்தச் சுவர்க்கல் போல வெளிறியது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. கண்குளிரப் பார்த்தேன்.

திரும்பும் பேருந்தில் அவர் மனைவி மற்றப் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கத்து இருக்கையில் அமர எவரும் முன்வரவில்லை. நான் அமர்ந்தேன்.

"ஏதேனும் கதையும் காணும்" என்றார்.

கதைக்கவில்லை. என் மனைவிக்குரிய பதிகத்தை முதற்பாட்டிலிருந்து தொடங்கி, அவர் காதருகே, நிதானமாக, பலன் சொல்லும் கடைசிப் பாட்டுவரை பாடினேன். பின்பு மறுபடியும் தொடங்கினேன். பாரிஸ் வரும்வரை அவருக்கு இறங்க இடமில்லை.

இதை வாசிப்போர் அனைவரும், தொடங்கிய பாட்டைப் பாடி நிறைவுசெய்யும் ஆயுளும் அருளும் பெற்று வாழ்க.