ஷீபாவுக்காக அங்கே நின்றவர்கள்

பாறசாலையில் ஒரு பெண்கள் உதவி மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குடும்ப வழக்குகள் பார்ப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. அது போக, எங்கே போர் நடந்தாலும் அங்குள்ள பெண்களுக்காக நாங்கள் சிலர் கறுப்புச் சேலை கட்டி ஜங்ஷனில் பேசாமல் நிற்போம். விஜில் என்போம். "இவளுவளுக்கு வீட்டுல சோலி இல்லியா?" என்று பஸ்ஸிலிருந்து குரல் வரும். பழகிவிட்டது.

1. பேனரைச் சுருட்டும்போது

ஒரு சாயங்காலம் விஜில் முடிந்ததும் ஒரு பெண் என் கையைப் பிடித்தார். ஆரியங்கோட்டில் ரப்பர் பால்வெட்டும் நேசம்மாள்.

"எனக்க மவ ஷீபா இந்த பேனர்ல எழுதியிருக்க நாட்டுலயாக்கும் ஹோம் நர்ஸா இருந்தா. படுக்கையில கெடந்த கிழவிய விட்டுட்டு ஓட அவளுக்கு மனசு வரல்ல. கட்டடத்துல பாம் விழுந்துச்சு."

"உடம்பு வந்துச்சா அக்கா?"

"பெட்டி வந்துச்சு. தொறக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாவ. முகத்தப் பாக்கல்ல." என் கையை அவர் விடவில்லை. "நீங்க எங்கயோ உள்ள பெண்ணுங்களுக்காக நிக்குதிய. எனக்க மவளுக்காக அங்க எவளாவது நிப்பாளா?"

வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் டிரெய்னிங்கில் முதல் பாடம். "கேட்டுப் பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

2. வீடியோ

எங்களைப் போல நிற்கும் பெண்கள் பல நாடுகளில் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் ஷீபாவின் படத்தைப் போட்டேன். பதில் வந்தது, குண்டு போட்ட நாட்டிலிருந்து. அனா என்ற பள்ளி ஆசிரியை. "நாங்கள் நிற்கிறோம்" என்று எழுதியிருந்தாள்.

சில வாரம் கழித்து வீடியோ வந்தது. பனி பெய்யும் தெரு. நாலைந்து பெண்கள். ஷீபாவின் படத்துக்குக் கீழே அவள் பெயரைத் தமிழிலேயே எழுதியிருந்தார்கள், நான் அனுப்பியதைப் பார்த்துக் கோணல்மாணலாக வரைந்த எழுத்து. ஒருவன் வந்து அனாவின் முகத்தில் துப்பினான். படத்தைப் பிடுங்கி எறிந்தான். போலீஸ் பெண்களைத்தான் வேனில் ஏற்றியது. அனா குனிந்து படத்தை எடுத்து, பனியைத் துடைத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மையத்துக்கு வரச் சொல்லி நேசம்மாளுக்குக் காட்டினேன். அழாமல் முழுவதும் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் பெறவு என்ன ஆச்சு?"

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயில்ல வச்சாவ, கேஸ் போட்டிருக்காவ. ஸ்கூல் வேலையும் போச்சு."

"எனக்க மவளுக்காகவா?"

"ஆமா அக்கா."

அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். "அவளுக்கும் ஒரு அம்மை இருப்பாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த விஜிலுக்கு நேசம்மாள் வந்தார். கையில் வீடியோவிலிருந்து எடுத்த அனாவின் படம், கீழே அவள் பெயரும் நாடும். வழியில் நின்ற ஒருவர், "இவ அந்தப் பாம் போட்ட நாட்டுக்காரியல்லா?" என்று கோபமாகக் கேட்டார்.

பேசக் கூடாது என்பது விஜிலின் விதி. நேசம்மாளுக்கு அது தெரியாது. "எனக்க மவளுக்காக ஜெயிலுக்குப் போனவளாக்கும்" என்றார்.

போர் நிற்கவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். துக்கத்தில் வருகிறவளுக்கு ஆறுதல் வார்த்தை தேடாதீர்கள். அவள் கேட்டதைச் செய்யப் பாருங்கள். அதற்காக வேறொருத்தி எதையாவது இழந்தால், அதைக் கேட்டவளிடம் மறைக்காதீர்கள்.