அக்காவுக்கு வந்தது பழைய வலிப்பு இல்லை

எங்க அக்காவுக்கு ஸ்கூல் படிக்கிறப்பவே வலிப்பு உண்டு. அதனால எங்க தென்னூர் வீட்டுல வலிப்புன்னா யாரும் பதற மாட்டோம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பக்கத்துல உட்கார்ந்துடுவோம். அம்மா அதுல படிக்காத டாக்டர்!

வளைகாப்பு முடிஞ்சு, ஸ்ரீரங்கத்து மாமியார் வீட்டுலேர்ந்து பிரசவத்துக்கு வந்திருந்தா அக்கா. எட்டாம் மாசம். அன்னிக்குக் காலையிலேர்ந்தே தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுன்னு வேற சொன்னா. சாயங்காலம் கூடத்துல உட்கார்ந்திருந்தவ அப்படியே சாய்ஞ்சு, கைகால் வெட்டி இழுக்க ஆரம்பிச்சிடுச்சு.

"பழசுதான். அடங்கிடும்"னு அம்மா தைரியமா சொன்னாங்க.

அடங்கத்தான் செஞ்சுது. எனக்குத்தான் மனசு ஒப்பலை. அக்காவுக்கு வலிப்பு வரும்னா அதுக்கு முன்னாடி உதட்டைச் சப்புக் கொட்டுவா, புடவை நுனியைப் பிடிச்சுப் பிசைவா. இன்னிக்கு அது எதுவுமே இல்லை! வலிப்பு மாத்திரையும் ஒரு வேளைகூட விடலை. கையைத் தூக்கிப் பார்த்தா, வளைகாப்பு வளையல் வீங்கின மணிக்கட்டுல பதிஞ்சு கிடக்கு.

"அம்மா, இது அது இல்லைம்மா! கிளம்புங்க!"

"பிள்ளைத்தாச்சிக்கு வீங்கத்தாண்டி செய்யும். பெத்தவளுக்கே சொல்லித் தர்றியா?"

யாரு சண்டை போடறது? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "முன்னாடி வலிப்பு வந்திருக்கா?"ன்னு கேட்டாங்க. "சின்ன வயசுலேர்ந்தே இருக்குங்க"ன்னு அம்மா முந்திக்கிட்டாங்க. "ஆனா இது வேற மாதிரிங்க!"ன்னு நான் கத்தியே விட்டேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்தாங்க. முகமே மாறிடுச்சு. மறுபடி பார்த்தாங்க. யூரின் டெஸ்ட்டும் எடுத்தாங்க.

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு, யூரின்ல புரதம் போகுது. பழைய வலிப்புக்கு இப்படி ஆகாது. இது எக்லாம்ப்சியா, கர்ப்பத்துல பிரஷர் ஏறி வர்ற வலிப்பு. இதுக்கு மருந்தே வேற. பிரஷரை இறக்கிட்டு, குழந்தையை உடனே எடுத்தாகணும். வீட்டுலயே படுக்க வெச்சிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்."

மக்னீசியம் ஊசி போட்டு, கொஞ்ச நேரத்துல அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போனாங்க. எனக்கு இங்கயும் அங்கயும் நடந்தே கால் ஓய்ஞ்சுடுச்சு. அம்மா மூடின கதவையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

கதவு திறந்துச்சு. நர்ஸ் துணியில சுத்தி ஒரு பொடிசைத் தூக்கிட்டு வந்து, "பேத்திம்மா! எடை கம்மி, ஆனா நல்லா அழுவுது!"ன்னாங்க. எனக்கு அங்கேயே குதிக்கணும் போல இருந்துச்சு.

அம்மா குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "என் பொண்ணு கண்ணு முழிச்சாளா?"

"முழிச்சிட்டாங்க. அம்மா எங்கேன்னு கேக்கறாங்க."

இத்தனை வருஷத்துல அக்காவோட எந்த வலிப்புக்கும் அழாத அம்மா, அந்த வராந்தாத் தரையிலயே உட்கார்ந்து ஓன்னு அழ ஆரம்பிச்சாங்க.