நாற்பத்து மூன்று இலக்க விடை

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பெங்களூர் சாலையோரம், சைக்கிள் மணிகளுக்கு மின்சாரம் செலுத்தி நிக்கல் பூசும் ஒரு பட்டறை. வேதியியல் படித்துவிட்டு, வேலையில்லாமல் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த நான் நேர்காணலுக்குப் போனேன். இதுவும் கிடைக்காவிட்டால் அங்கே இனி தங்க முடியாது. அத்தான் எதிரில் தட்டெடுக்கக் கூசி, அன்று காலையில் சாப்பிடாமலே கிளம்பியிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் வெகுநேரம் பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸிலும் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கெமிஸ்டாக இருந்தவர் என் வயதுப் பெண். கல்யாணமாகி வெளியூர் போவதால், தன் இடத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மோல், அதாவது ஏறக்குறைய ஆறுக்குப் பின் இருபத்து மூன்று பூஜ்யம் போட்ட அளவு, எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்லி, பெருக்கலைக் கூட்டலாக்கும் லாக் அட்டவணைப் புத்தகத்தைத் தந்தார்.

எலக்ட்ரானின் மின்னூட்டம் மிகமிகச் சிறியது. அதன் லாக்கில் பத்தொன்பதின் தலையில் ஒரு கோடு வரும். அதைக் கழிக்க வேண்டும் என்று அர்த்தம். களைப்பில் கோட்டை மறந்து, மோலின் லாக்கில் வரும் இருபத்து மூன்றோடு பத்தொன்பதைக் கூட்டிவிட்டேன். விடை நாற்பத்து மூன்று இலக்கங்களில் வந்தது.

எட்டிப் பார்த்த முதலாளி சிரித்தார். "இவ்ளோ கரண்ட் வுட்டா மெட்ராஸே எரிஞ்சுடும்பா. அடுத்த ஆளைக் கூப்பிடும்மா."

எழுந்துவிட்டேன். அந்தப் பெண் நான் கணக்குப் போட்ட தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நம்பரெல்லாம் கரெக்டா கீது சார். எங்கியோ ஒரு எடத்துலதான் வுட்டுட்டாரு," என்றவர் என்னிடம் திரும்பி, "காலைல இன்னா சாப்ட்டீங்க?" என்றார்.

டீ என்றேன். அதுவும் பொய்.

பட்டறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கையைக் கழுவச் சொல்லி, தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். கருவாட்டுக் குழம்புச் சோறு. எனக்கு மூடியில் வைத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு தாளைக் கொடுத்தார். கோடு தானாகவே கண்ணில் பட்டது. கழித்தேன். ஏறக்குறைய தொண்ணூற்றாறாயிரத்து ஐந்நூறு கூலூம், சரியான விடை. முதலாளி திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மாத்திரை, மாடிப்படி, பால் பாக்கெட் என்று எல்லாவற்றையும் எண்ணிச் சலித்த முதுமை இது. அன்று அந்தப் பெண்ணுக்கு எத்தனை வாய்ச் சோறு மிச்சம் வைத்தேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.