டீச்சரிடம் சொன்னது

ஜார்ஜ் டவுன் இடைநிலைப்பள்ளி ஒன்றில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைதான் சுலைஹாவின் ராஜ்யம். ஆலோசக ஆசிரியை என்று உத்தியோகப் பெயர். மற்ற ஆசிரியர்கள் கணக்கும் அறிவியலும் நடத்துவார்கள், இவள் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பாள். "கேக்குறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாங்க?" என்று கணவர் அப்துல் காதர் கிண்டல் செய்வார். அவர் பத்து காவான் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். அங்கே இயந்திரம் மக்கர் செய்தால் கழற்றிப் பார்த்துவிடலாம். பதினான்கு வயதுப் பிள்ளையை எந்தப் பக்கம் கழற்றுவது என்று சுலைஹா திருப்பிக் கேட்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைத் தாசேக் கெலுகோர் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பையன்கள் போதை தரும் கெத்தும் இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரில் இருமல் மருந்தைக் கலந்து குடித்துவிட்டு வகுப்பில் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். மண்டையோடு போட்ட சுவரொட்டியைக் காட்டி அவர்களைப் பயமுறுத்தலாம் என்று அவள் முதலில் நம்பினாள். பையன்கள் அந்த மண்டையோட்டுக்கு மீசை வரைந்தார்கள். பயமுறுத்துகிற ஆளிடம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது என்பது அதன்பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இங்கே மாற்றலாகி வந்தபோது காலமும் மாறியிருந்தது. இப்போது எல்லாம் வேப் என்கிற மின்சிகரெட். பேனா மாதிரி ஒன்று, மார்க்கர் மாதிரி ஒன்று, மாம்பழ வாசனை, திராட்சை வாசனை. உள்ளே என்ன திரவம் ஊற்றியிருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது. சுலைஹா ஒரே ஒரு விதியோடு வேலையைத் தொடங்கினாள். இந்த அறையில் சொன்னது உன்னைக் கேட்காமல் உன் வீட்டுக்குப் போகாது. ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் சொன்னாள். பிள்ளைகள் நம்பினார்கள், வந்தார்கள்.

மகன் ஹஸ்ருலும் அதே பள்ளிதான், இரண்டாம் படிவம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்குள் நுழைந்துவிட்டால் பெற்ற தாயும் டீச்சர்தான். ஹஸ்ருல் அதில் ரொம்பக் கண்டிப்பு. வராந்தாவில் எதிரே வந்தால் மற்றவர்களைப் போலவே குனிந்து சலாம் சொல்லிவிட்டுப் போவான். சுலைஹாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும். மதியம் அவள் ஓட்டும் காடியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வாய் திறந்தால், ஜெலுத்தோங்கில் இருக்கும் வீடு வரும்வரை மூட மாட்டான். எந்த சார் எப்படித் தும்மினார் என்பது முதற்கொண்டு ஒப்பித்துவிடுவான். "கொஞ்சம் மூச்சு விடுடா" என்று அவளே கெஞ்ச வேண்டியிருக்கும். கெஞ்சியதை நினைத்து இப்போது அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

ஒரு நாள் இடைவேளை முடிந்த கையோடு அறைக்கதவு தட்டப்பட்டது. ஹஸ்ருல் நின்றான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"டீச்சர், உள்ள வரலாமா?"

வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "தம்பி" என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "வந்து உக்காரு" என்றாள். டீச்சர் என்று கூப்பிட்டு வந்தவனுக்கு டீச்சராகவே இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

தொடக்கப்பள்ளியிலிருந்தே இணைபிரியாத கூட்டாளி கார்த்திக், தண்டாஸில், கழிவறைக் கதவுக்குப் பின்னால் வைத்துத் தன் வேப்பைக் கொடுத்திருக்கிறான். ஹஸ்ருல் இரண்டு இழுப்பு இழுத்திருக்கிறான். நெஞ்சு படபடவென்று அடித்ததாம், சுவர் நகர்ந்ததாம்.

"எனக்கு ஏதாச்சும் ஆயிடுமா டீச்சர்?"

அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். நல்ல தண்ணீர் கொடுத்தாள். கிளினிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் வெகுநேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் தொடக்கூடாது என்று அனுப்பினார். வாசலில் ஹஸ்ருல் கேட்டான்.

"வீட்டுக்குச் சொல்வீங்களா டீச்சர்? கார்த்திக் பேரு..."

"சொல்ல மாட்டேன்."

அத்தோடு விட்டிருந்தால் சுலைஹா கெட்டிக்காரி. ஆனால் சாயங்காலம் மகன் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவதைப் பார்த்தபடி அவள் கட்டிலோரம் நின்றாள். வாக்குக் கொடுத்தது டீச்சர்தானே, வீட்டிலே இருப்பது அம்மா அல்லவா, அம்மாவை யாரும் எந்த வாக்கும் கேட்கவில்லையே என்று ஒரு கணக்குப் போட்டாள். டீச்சர் வேறு, அம்மா வேறு என்று மற்றவர்களுக்காக வைத்த வழக்கத்தை அவளே நிஜமென்று நம்பிவிட்டாள். கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கார்த்திக்கின் பெயரையும் சேர்த்துத்தான்.

அப்துல் காதர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கார்த்திக்கின் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே நின்று, நாலு மாடிக்குக் கேட்கும்படி கத்திவிட்டு வந்தார். கார்த்திக்குக்கு வீட்டில் பெல்ட் அடி. மறுநாள் இரண்டாம் படிவம் முழுக்க ஹஸ்ருலுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். சாப்பிடும் நேரத்தில் அவன் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது.

அன்றிலிருந்து அவன் வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டான். சத்தமில்லை, கோபமில்லை. "சாப்பிட வாப்பா" என்றால் "சரி டீச்சர்." "துணி துவைக்கப் போடு" என்றால் "போட்டுட்டேன் டீச்சர்." அவன் அத்தா அப்துல் காதர் முதலில் சிரித்தார், பிறகு அதட்டினார், பிறகு ஓய்ந்துவிட்டார். மாதங்கள் ஓடின. காடியில் அவன் பின்சீட்டுக்கு மாறினான், காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டான். சுலைஹா கண்ணாடியில் அவனைப் பார்ப்பாள். உதட்டுக்கு மேல் பூனைமயிர் அரும்பிவிட்டது. குரல் உடைந்துகொண்டிருந்தது. உடைந்த குரலில் அவன் பேசினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கூட்டாளிகளுக்குத் தெரியும். கார்த்திக் எப்படியோ சமாதானமாகிவிட்டிருந்தான். போனில் அவனோடு ஹஸ்ருல் பேசுவது அறைக்கதவுக்கு வெளியே முணுமுணுப்பாகக் கேட்கும். சுலைஹா துணி மடிக்கிற சாக்கில் அங்கே நின்றுவிடுவாள். என்ன பேசுகிறான் என்று அறிய அல்ல. அந்தச் சத்தத்துக்காகத்தான் நின்றாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நின்றாள்.

போதைப்பொருள் ஒழிப்பு வாரம் வந்தது. மண்டபத்தில் இரண்டாம் படிவத்துக்கு உரை. மூன்றாவது வரிசையில் ஹஸ்ருல் இருந்தான், அவன் பக்கத்தில் கார்த்திக். சுலைஹா எல்லாம் சொன்னாள். திரவத்தில் என்னென்ன கலக்கிறார்கள், மூளையில் என்ன நடக்கிறது, மயங்கி விழுந்தவனை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது. தன் விதியை மட்டும் சொல்லாமல் தாண்டிப்போனாள். ஆனால் அபிராமி என்ற மாணவி விடவில்லை. எழுந்து மலாயில் நேராகக் கேட்டுவிட்டாள், டீச்சரிடம் சொன்னால் வீட்டுக்குத் தெரியுமா என்று.

ஹஸ்ருல் தரையைப் பார்த்தான்.

தெரியாது என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன் என்றாள் சுலைஹா. ஒருமுறை அதை மீறிவிட்டேன், அதனால் சொன்னவனுக்குக் கெடுதல்தான் வந்தது, தப்பு என்னுடையது. உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க மாட்டேன், அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். மற்றது எதுவும் உங்களைக் கேட்காமல் போகாது. துணைத் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த வாரம் கார்த்திக் அறை வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். உள்ளே உட்கார்ந்தும், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் குவளையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்த முடியல டீச்சர். ராத்திரி தூக்கமே வரல. நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். ஹஸ்ருல்தான் டீச்சர்கிட்ட போலாம்னு தொல்லை பண்ணான்."

"என்ன சொன்னான்?" என்ற கேள்வி சுலைஹாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்னைப் பற்றி என்ன சொன்னான், என்ன வார்த்தையில் சொன்னான், சொல்லும்போது முகம் எப்படி இருந்தது. கேட்டால் இந்தப் பையன் சொல்லிவிடுவான். ஆனால் இவன் அதற்காகவா வந்திருக்கிறான்?

"எப்பலேருந்து தூக்கம் வரல?" என்று கேட்டாள்.

பள்ளி விடும்வரை பேசினார்கள். சிகிச்சைக்குப் போக அவன் ஒத்துக்கொண்டான். அம்மாவுக்கு அவனே சொல்வது, அப்போது டீச்சரும் கூட இருப்பது என்று முடிவானது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்துல் காதர், "பள்ளிக்கூடத்துல என்ன விசேஷம்?" என்றார். ஹஸ்ருலின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"ஒன்னுமில்ல, எப்பவும் போலதான்" என்று சொல்லிவிட்டுச் சுலைஹா அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஹஸ்ருல் அடுக்களைக்குள் வந்து நின்றான்.

"இன்னிக்கு கார்த்திக் வந்தானா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனாக வந்து கேட்ட முதல் கேள்வி. புதுக் குரல், அடித்தொண்டையிலிருந்து வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு வளரும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வளரும்.

"யாரு வந்தா, யாரு வரலன்னு நான் சொல்லக்கூடாது தம்பி."

கிடைத்த ஒரே நூலையும் தானே அறுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"தெரியும். அவனே சொல்லிட்டான்" என்றான் ஹஸ்ருல்.

சொல்லிவிட்டு அவன் போகவில்லை. குளிர்பெட்டியில் சாய்ந்துகொண்டு அங்கேயே நின்றான். கடைசித் தட்டும் முடிந்துவிட்டது. குழாயை மூடினால் அவன் போய்விடுவான் என்று பயந்து, சுலைஹா கழுவி வைத்த தட்டுகளையே ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.